ஓதல் பாயில் ஒரு சரித்திரப் பாடம்

மஃரிபுத் தொழுகை முடிந்து, பிள்ளைகள் ஓதிய குர்ஆன் பிரதிகளை உறையிலிட்டு அலமாரியில் அடுக்கி வைக்கும் நேரத்தில் எங்கள் மதரஸாவில் ஒரு சலசலப்பு எழும். அதுவரை அரபி எழுத்துகளின் மீது விரல் வைத்து ஓதிக்கொண்டிருந்த கைகள் பள்ளிக்கூடப் பைகளுக்குள் நுழையும். சமூக அறிவியல் நோட்டுகள் வெளியே வரும். "ஹஜ்ரத், ஒரே ஒரு கேள்வி" என்று ஒருவன் தொடங்குவான். அந்த ஒரே ஒரு கேள்வி இஷாவுக்கு பாங்கு சொல்லும் வரை முடிவதில்லை.

விழுப்புரத்தில் பிறந்தவன் நான். திண்டிவனத்தில் பதினான்கு ஆண்டுகளாக ஓதிக் கொடுத்து வருகிறேன். ஆலிம் படிப்பை முடித்த பிறகு அஞ்சல் வழியில் வரலாற்றில் பி.ஏ. பட்டமும் பெற்றேன். அந்தப் பட்டம் எதற்கு உதவும் என்று அன்று பலர் கேட்டார்கள். எனக்கும் விடை தெரிந்திருக்கவில்லை. இப்போது மாலைதோறும் அது உதவுகிறது. சில மாலைகளில் போதாமலும் போகிறது.

இந்தப் பிள்ளைகள் என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அத்தா தள்ளுவண்டியில் பழம் விற்றுவிட்டு இரவு பத்து மணிக்கு வருகிறார். அல்லது லாரியில் சென்றவர் பத்து நாள் கழித்து வருகிறார். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் டியூஷன் அனுப்ப வழியுள்ளவர்கள் சிலர் இருக்கிறார்கள். சரித்திரத்துக்கு டியூஷன் வைப்பார் எவருமில்லை. கைப்பேசியில் தேடலாமே என்பீர்கள். வீட்டில் இருக்கும் ஒரு கைப்பேசி அத்தாவின் சட்டைப்பையில் அல்லவா இருக்கிறது? ஆகவே, படித்தவராகத் தங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரே மனிதரிடம் வருகிறார்கள்.

நானும் அப்படி ஒரு மனிதரைத் தேடிப் போனவன்தான். விழுப்புரத்தில் எங்கள் எதிர்வீட்டில் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பார். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லாததால் என் வீட்டுப்பாடமெல்லாம் அந்தத் திண்ணையில்தான் நடந்தது. 'உன் மாவட்டத்தின் பெயர் என்ன?' என்ற கேள்விக்கு 'தென்னார்க்காடு' என்று எழுதிக்கொண்டு போனேன். அந்த ஆண்டுதான், 1993 செப்டம்பர் 30 அன்று, தென்னார்க்காடு பிரிக்கப்பட்டு எங்கள் ஊர் ஒரு மாவட்டத்தின் தலைநகரானது. ஆசிரியர் என் விடையை அடித்துவிட்டு 'விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம்' என்று எழுதிப் போட்டார். 1997இல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அந்த விடையும் தவறாயிற்று. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் போனதும், எல்லைகள் என்று நான் மனப்பாடம் செய்திருந்தவையும் தவறாயின. சரித்திரப் பாடத்தில் சரியான விடைக்கும் ஆயுள் உண்டு என்பதை அந்தத் திண்ணைப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

மதரஸாவில் பள்ளிக்கூட நோட்டு திறக்கப்படுவது எல்லோருக்கும் உவப்பாக இருக்கவில்லை. பள்ளிவாசல் பொறுப்பில் இருந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் மாலை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஓதல் பாயில் பாபரும் அக்பரும் எதற்கு ஹஜ்ரத்? பிள்ளைகளுக்கு ஓதல் குறைந்து போகாதா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. பிள்ளைகள் மதரஸாவில் இருப்பதே ஒன்றரை மணி நேரம். அதில் வரலாறு கால் மணியைத் தின்றால் சபக்கு கால் மணி பின்தங்கும். பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே அவர்களுடைய விடுதலைக்கு ஈடு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சியை அவருக்கு நினைவூட்டினேன். கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர், கற்பிக்கப்பட்டது மார்க்கமும் அன்று, வெறும் எழுத்து. அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சரி, ஓதி முடித்த பிள்ளைகளுக்கு மட்டும். கரண்ட் பில் ஏறினால் நான் கேட்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வைத்த நிபந்தனையால் ஒரு நன்மை விளைந்தது. வரலாற்றுக் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகவே சில பையன்கள் சபக்கை விரைந்து முடிக்கத் தொடங்கினார்கள். கரண்ட் பில்லைப் பற்றி அவர் மாதந்தோறும் கேட்கத்தான் செய்கிறார்.

தொடக்கத்தில் எனக்கு இது பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கேட்டவுடன் விடை சொல்வேன். 1526, முதலாம் பானிபட். 1556, இரண்டாம் பானிபட். 1565, தலைக்கோட்டை. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஒரு மாலை எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தவாசிப் போர் நடந்த ஆண்டைக் கேட்டாள். வேறொருவனின் தஜ்வீதைத் திருத்திக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல், "1757" என்று சொல்லிவிட்டேன். அது பிளாசிப் போரின் ஆண்டு. வந்தவாசியில் அயர் கூட்டின் படையிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றது 1760 ஜனவரி 22. திண்டிவனத்திலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அவ்வளவு அருகில் இருக்கும் ஊர் வந்தவாசி. பிரெஞ்சுக்காரர்களின் இந்தியக் கனவு முறிந்த இடம். அதன் ஆண்டைத்தான் தவறாகச் சொன்னேன்.

அந்தப் பிள்ளை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ அவளுடைய நோட்டைப் புரட்டியபோது சிவப்பு மையில் ஒரு பெரிய சுழியைக் கண்டேன். "ஏம்மா, புத்தகத்தில் பார்த்திருக்கலாமே?" என்றேன். "பாத்தேன் ஹஜ்ரத். புத்தகத்துல 1760ன்னு இருந்துச்சு. ஹஜ்ரத் சொன்னா தப்பா இருக்காதுன்னு டீச்சர்கிட்ட சொன்னேன்" என்றாள். வகுப்பில் அவளை நிற்க வைத்திருக்கிறார்கள். ஆண்டைத் தவறாக எழுதியதற்காக அன்று. புத்தகத்திலேயே இருப்பதை மறுத்துப் பேசியதற்காக.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அலிஃபையும் பாவையும் நான் எப்படிச் சொல்கிறேனோ அப்படியே ஏற்றுக்கொள்ளப் பழகிய பிள்ளை, 1757ஐயும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறாள். ஓதல் பாயில் அமர்ந்து சொல்லும் சொல்லுக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் தவறாகச் சொன்னால் பிள்ளை புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். நான் தவறாகச் சொன்னால் புத்தகத்தைத் தவறென்று நினைக்கும்.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பாக, தவறு என்னுடையது என்று சொன்னேன். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஒரு முறை 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32 கேள்விகளுக்கு 'எனக்குத் தெரியாது' என்று பதில் சொன்னார்கள் என்ற செய்தி கிதாபுகளில் உண்டு. பலமுறை பயானில் சொல்லிக் கைதட்டல் வாங்காத குறையாக இறங்கியிருக்கிறேன். எனக்கே அது தேவைப்பட்டபோது நினைவுக்கு வரவில்லை. அன்றிலிருந்து ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். உறுதியாகத் தெரியாத கேள்வியை அதில் எழுதிக்கொள்வேன். மாதம் ஒரு சனிக்கிழமை விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்ப் பார்த்து வருவேன். அந்தச் சிறுமி இப்போதும் வருகிறாள். நான் எதையாவது சொல்லத் தொடங்கினால் அவள் முதலில் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்கிறாள்! அதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

எல்லாக் கேள்விகளும் இப்படி முள்ளாகத் தைப்பதில்லை. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் எங்கள் பகுதியை மூழ்கடித்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை கரை மீறியது. பல பிள்ளைகளின் புத்தகங்கள் ஊறி உப்பிப் போயின. மதரஸாவில் கயிறு கட்டி அவற்றைத் தாள் தாளாக உலர்த்தினோம். அந்த வாரம் புயல், ஆறு, அணை என்று புவியியலைத் தவிர வேறு பேச்சே இல்லை. புயலுக்குப் பெயர் வைப்பது யார் என்று ஒருவன் கேட்டான். வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சார்ந்த 13 நாடுகள் முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் கொடுத்திருக்கின்றன, இந்தப் பெயர் சவூதி அரேபியா கொடுத்தது என்றேன். ஒரு சிறுவனின் முகம் மலர்ந்தது. "அப்ப இது நம்ம புயலா, ஹஜ்ரத்?" என்றான். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குள் வந்த தண்ணீரை வாளியால் இறைத்தவனும் அவன்தான்.

அந்த 'நம்ம' என்னும் சொல் பிறகு ஒருநாள் வேறு விதமாகத் திரும்பி வந்தது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மொத்தம் 12 கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில். ஒன்று நம்முடையது. ஒரு பள்ளியில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொன்னார்கள். தேசிங்கு ராஜன் கதையை நாடகமாகப் போடவும் ஏற்பாடு நடந்தது. எங்கள் ஓதல் பிள்ளைகளுள் ஒருவனுக்கு ஆற்காட்டு நவாபின் வேடம் கிடைத்தது. வேடத்தை ஆசிரியர் கொடுக்கவில்லை. நீதான் நவாபு ஆள் என்று உடன் படிக்கும் பையன்களே முடிவு செய்துவிட்டார்கள். ஒத்திகை முடிந்து விளையாட்டு மைதானத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஓதல் முடிந்ததும் அவன் நோட்டைத் திறக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், "ஹஜ்ரத், நாமதான் தேசிங்கு ராஜாவைக் கொன்னோமா?" என்று கேட்டான்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவன் கேட்டது வீட்டுப்பாடக் கேள்வி அன்று.

இத்தகைய கேள்விகளை நான் முன்பே சந்தித்திருக்கிறேன். கஜினி மஹ்மூதின் பதினேழு படையெடுப்புகளைப் படித்த ஒரு மாணவன், 'அவர் நல்லவரா கெட்டவரா?' என்று கேட்டதுண்டு. முல்தானை ஆண்ட முஸ்லிம்களையும் ரேயை ஆண்ட முஸ்லிம்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவருடைய மகன் மஸ்ஊதிடம் திலக் என்னும் இந்துத் தளபதி இருந்தார். கோயில்களைக் கொள்ளையிட்டதும் உண்மை. அல்பிரூனி என்னும் பேரறிஞர் அந்தக் காலத்தில்தான் இந்தியாவைப் பற்றி எழுதினார் என்பதும் உண்மை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, தீர்ப்பை நீயே எழுது என்று விட்டுவிட்டேன். கஜினி எங்கோ இருக்கிறது. செஞ்சியோ திண்டிவனத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தேசிங்கின் பாட்டை இந்தப் பகுதியில் தெருக்கூத்தில் கேட்டிருக்கிறார்கள், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தில் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சிறுவனுக்கு இது தன் தெருவின் விவகாரம்.

"உன் நன்னாவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"கோலியனூர்."

"என்ன வேலை?"

"மாட்டு வண்டி ஓட்டினாங்க."

"அவருடைய நன்னாவுக்கு?"

"தெரியாது ஹஜ்ரத். அவங்களும் வண்டிதான் ஓட்டியிருப்பாங்க."

"அந்த வண்டிக்கு நவாபு வாடகை கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா?"

அவன் சிரித்துவிட்டான். நானும் அத்துடன் வென்றுவிட்டதாக நினைத்தேன். பிறகு பாடத்தைச் சொன்னேன். செஞ்சிக் கோட்டையைக் கோனார் வம்சத்தார் தொடங்கினார்கள் என்பது மரபு. பின்னர் விஜயநகரத்தின் நாயக்கர்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677இல் சிவாஜி பிடித்தார். அவருடைய மகன் இராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து தங்கியது இந்தக் கோட்டையில்தான். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கி 1698இல்தான் கோட்டைக்குள் நுழைய முடிந்தது. அதன் பின் கோட்டையைக் காக்க முகலாய அரசு 1700இல் நியமித்த அதிகாரி யார் தெரியுமா? ஸ்வரூப் சிங் என்னும் புந்தேல ராஜபுத்திரர். அவருடைய மகன்தான் தேஜ் சிங். நம் மக்கள் வாயில் அவர் தேசிங்கு ஆனார்.

"அப்படின்னா தேசிங்கு ராஜா முகலாயருக்கு வேலை பார்த்தவரோட மகனா?" என்று அவன் வியந்தான். ஆம். ஔரங்கசீப்பின் ஆட்சியில் கோட்டைக்கு வந்த குடும்பம் அது. தந்தை இறந்ததும் மகன் கோட்டையைத் தன் உரிமை என்றான். கட்ட வேண்டிய கப்பத்தின் பாக்கி இருக்கிறது, பதவிக்குப் புதிதாக அனுமதியும் வேண்டும் என்றார் கர்நாடக நவாப் சாதத்துல்லா கான். இருவருமே டில்லியின் பெயரால் பேசியவர்கள். நவாபின் அலுவலர்களுள் லாலா தோடர்மால் என்னும் இந்து இருந்தார். பாட்டில் வரும் தோன்றமல்லன் அவர்தான். தேசிங்கின் பக்கத்தில், மணக்கோலத்தில் இருந்தபடியே போருக்குப் புறப்பட்டு வந்து உயிர் கொடுத்த நண்பனாகப் பாட்டு போற்றும் மகபத்கான் ஒரு முஸ்லிம். 1714இல் நடந்த அந்தச் சண்டை பாக்கிக்கும் பதவிக்குமானது. வழிபாட்டுக்கானதன்று. இளம் வயதில் மடிந்த தேசிங்கின் வீரத்தை மக்கள் பாடினார்கள், பாடத் தகுந்ததுதான்.

அவனுக்கு முகம் தெளிந்தது. மறு ஞாயிற்றுக்கிழமையே பெரிய பையன்கள் எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு செஞ்சிக்குப் பேருந்து ஏறினேன். படிப்பதைவிடப் பார்ப்பது நல்லது அல்லவா?

மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலைப் பார்த்தவுடன் பையன்கள் ஆளுக்கொரு திசையாக ஓடினார்கள். இராஜகிரியின் படிகளில் பாதி தூரம் ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவர்கள் மேலே போய்க் கையசைத்தார்கள். தானியக் களஞ்சியத்தில் நுழைந்து கூவி எதிரொலி கேட்டார்கள். கல்யாண மகாலில் எத்தனை அடுக்கு என்று எண்ணிச் சண்டையிட்டார்கள். வெங்கடரமணர் கோயிலின் கோபுரத்து வாயிலில் உள்ள சிற்பங்களை அந்த நவாபு வேடக்காரன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கீழ்க்கோட்டையில் சாதத்துல்லா கானின் பள்ளிவாசலுக்கு வந்தோம். 1717-18இல் கட்டப்பட்டது. தேசிங்கு இறந்த மூன்றாம், நான்காம் ஆண்டு. பாரசீகக் கல்வெட்டைப் பார்த்ததும் எனக்கு ஓர் உற்சாகம் வந்துவிட்டது. எழுத்துகளைக் கூட்டிக் காட்டினேன். வளைவைக் காட்டினேன். "பாருங்கள், எவ்வளவு அழகு! இது நம் முன்னோர் கட்டிய பள்ளி" என்றேன்.

அந்தப் பையன் உடனே திரும்பினான். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான்: "அப்ப இது மட்டும் நம்மதா, ஹஜ்ரத்?"

எனக்குப் பதில் வரவில்லை. வாடகை கொடுக்காத நவாபை வண்டிக்கார நன்னாவிடமிருந்து பிரித்து வைத்தவன் நானே. பள்ளிவாசலைக் கண்டவுடன் அவரை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டவனும் நானே. நம் விழா மேடைகளில் நவாபுகள் கொடுத்த மானியங்களையும் கட்டிய பள்ளிகளையும் பேசும்போது 'நாம்' என்கிறோம். போரும் வரிக்கொடுமையும் பேச்சில் வந்தால் 'அவர்கள் அரசர்கள், நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறோம். மைதானத்தில் அந்தப் பையன்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவேதான். நண்பனாக வந்த மகபத்கானை விட்டுவிட்டு நவாபை மட்டும் எங்கள் பிள்ளையின் கணக்கில் எழுதினார்கள். நான் நவாபை அடித்துவிட்டு அவருடைய பள்ளிவாசலை மட்டும் எங்கள் கணக்கில் எழுதினேன்.

செஞ்சி ஊருக்குள் வந்து லுஹர் தொழுதுவிட்டு, ஒரு கடையில் பையன்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துத் திரும்பினோம். பேருந்தில் அவன் என் பக்கத்தில் அமர்ந்தான். "தம்பி, நீ கேட்டது சரி. நான் சொன்னதில் ஒன்று இடிக்கிறது. இரண்டையும் கட்டுரையில் எழுது. போர் செய்தவரும் அவரே, பள்ளி கட்டியவரும் அவரே. ஆற்காட்டுப் பக்கம் இராணிப்பேட்டை தேசிங்கின் இளம் மனைவியின் நினைவாக அவர் உண்டாக்கிய ஊர் என்றும் சொல்வார்கள். அதையும் சொல்வார்கள் என்றே எழுது. நாம் என்ற சொல்லை எங்கும் போடாதே" என்றேன். "நாமன்னு போடாம எப்படி எழுதறது?" என்று கேட்டான். "பெயர் போட்டு எழுது" என்றேன். திண்டிவனம் வரும் வரை அவன் வாக்கியங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கட்டுரை போய்த் திரும்பியது. பத்துக்கு ஏழு மதிப்பெண். மகபத்கானைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் அவனுடைய ஆசிரியை சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'இதை எங்கே படித்தாய்?' அவன் நேராக என்னிடம் கொண்டு வந்தான். மூன்று மதிப்பெண் போனதில் அவனுக்குக் கோபம். எனக்கோ அந்த அம்மையாரின் மேல் மதிப்பு உண்டாயிற்று. ஏனென்றால் மகபத்கானின் மணக்கோலத்தை நான் பாட்டிலிருந்து எடுத்து, கப்பப் பாக்கியையும் நியமனத்தையும் சரித்திரத்திலிருந்து எடுத்து, இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் பிரித்தறிய வழியில்லை. எங்கள் பக்கத்துக்கு வசதியான செய்தி என்பதால் நானும் அதைச் சல்லடையில் போடவில்லை என்பதே உண்மை.

அடுத்த சனிக்கிழமை விழுப்புரத்துக்குப் போனேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த சி.எஸ். சீனிவாசாச்சாரியார் செஞ்சியின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1943இல் வெளியிட்டிருக்கிறார். பட்டப் படிப்பின்போது அதன் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேனேயன்றிப் புரட்டியதில்லை. செஞ்சியைச் சேர்ந்த நாராயணன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அதிகாரி ஒருவருக்காக எழுதிக் கொடுத்த 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்னும் தமிழ் நூலும் உண்டு. போருக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது அது. அப்போதே பாட்டும் செவிவழிச் செய்தியும் பரவியிருக்கும். இவற்றையெல்லாம் பையனுக்கு எப்படிச் சொல்வது என்று எண்ணியபடி திரும்பினேன். கடைசியில் ஹதீஸ் பாடத்தில் நாம் கேட்பதைத்தான் சொன்னேன்: "யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்று பார்க்க வேண்டும். அறிவிப்பாளர் வரிசை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனே, அதேதான் இங்கும்." அவனுக்கு அது உடனே பிடிபட்டது. ஆசிரியைக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினான். 'கல்யாணத்திலிருந்து வந்த செய்தி பாட்டில் இருக்கிறது. கப்பப் பாக்கி சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது.' அவர் அதன் கீழே கையெழுத்திட்டு, ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டிருந்தார்.

நாடகம் நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது. அவன் நவாபாகவே நடித்தான். வேடத்தை மாற்றிக் கேட்கட்டுமா என்று அவனுடைய அத்தா என்னிடம் வந்து கேட்டபோது, பிள்ளையைக் கேளுங்கள் என்றேன். வசனம் அதிகம், தலைப்பாகையும் பெரியது, விட முடியாது என்று சொல்லிவிட்டான்! மைதானத்தில் அந்தப் பெயர் முற்றிலும் நின்றுவிட்டதா என்பதை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதன் பின் மதரஸாவில் ஒரு தொல்லை தொடங்கியிருக்கிறது. எதைச் சொன்னாலும், "பாட்டா, சரித்திரமா ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள். திண்டிவனம் என்றால் திந்திரிணி வனம், புளியங்காடு என்று பொருள் என்றேன். பாட்டா, சரித்திரமா? சிறுபாணாற்றுப்படையில் வரும் நல்லியக்கோடனின் கிடங்கில் நம் ஊரின் கிடங்கல்தான் என்றேன். பாட்டாயிற்றே ஹஜ்ரத், சரித்திரமாகவும் இருக்குமா? நாட்டு விடுதலையின் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று 1949 வரை ஆண்ட ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் இந்தப் பக்கத்து ஊர்க்காரர் என்றேன். இதற்கு மட்டும் ஒருவன், "அது சரித்திரம்தான், எங்க நன்னா பாத்திருக்காங்க" என்று சாட்சி சொன்னான். செஞ்சியைக் கோனாரும் நாயக்கரும் சுல்தானும் நவாபும் ஆண்டிருக்க, மராட்டியர் பெயரில் மட்டும் ஏன் பட்டியலில் சேர்த்தார்கள் என்பது வந்தவாசிச் சிறுமியின் கேள்வி. ஒரே மராட்டிய அரசின் பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொடுத்தார்கள் என்ற அளவுக்குத்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவளுக்கு அது போதவில்லை. புத்தகத்தை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டில் எழுதிக்கொண்டேன்.

வருகிற சனிக்கிழமை, இன்ஷா அல்லாஹ், விழுப்புரம் போக வேண்டும். சீட்டில் இப்போது ஏழு கேள்விகள் இருக்கின்றன.